மாட்டின் சினைப்பையும் அதன் ரத்தக்குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்நடை மருத்துவ மாணவர்கள், சினை ஊசி போடப் பயிற்சி பெறுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். முட்டைகளைத் தாங்கும் சினைப்பையை (சூலகத்தை)க் கையால் தடவி, பெரிதா சிறிதா என்று சொல்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அதற்குள் ஓடும் ரத்தம் அளவைவிட அதிகமான செய்தியைச் சொல்கிறது. அது பலருக்கும் எட்டாமல் போகிறதே என்ற ஆதங்கத்தில்தான் இந்தத் தொகுப்பு.

எல்லா உறுப்புகளிலும்தான் ரத்தக்குழாய் இருக்கிறது. சினைப்பையில் மட்டும் அப்படி என்ன விசேஷம்?

வளர்ந்த உடலில் ரத்தக்குழாய்கள் பெரும்பாலும் இருந்தபடியே இருக்கும். புண் ஆறும்போதோ கட்டி வளரும்போதோதான் புதியவை முளைக்கும். பெண் இனப்பெருக்க உறுப்புகள் இதற்கு விதிவிலக்கு. பசுவின் சினைப்பையில் சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை புதிய குழாய் வலை ஒன்று உருவாகி, வேலை முடிந்ததும் கலைந்துபோகிறது. ஆரோக்கியமான மாட்டில், பருவமடைந்தபின் சினையில்லாத காலங்களில் இது தொடர்ந்து நடக்கிறது.

வேகத்தைப் பாருங்கள். முட்டை வெளியேறிய 3ஆம் நாளில் ஒரு கிராம்கூடத் தேறாத கார்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் திரட்சி, இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஏறக்குறைய 5 கிராம் ஆகிவிடுகிறது. முதிர்ந்த நிலையில் அதிலுள்ள செல்களை எண்ணினால் கிட்டத்தட்டப் பாதி, ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்கள். புற்றுக்கட்டிகளை ஆராய்பவர்கள்கூடச் சினைப்பையைக் கூர்ந்து பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

கார்பஸ் லூட்டியம் என்கிறீர்கள், நுண்ணறை என்றும் கேள்விப்படுகிறோம். முதலில் அவை என்னவென்று சொல்லுங்கள்.

நுண்ணறை என்பது முட்டையைச் சுமக்கும் உறை. ஃபாலிக்கிள் என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். வளர வளர அதற்குள் நீர் சேரும்; 12 முதல் 20 மில்லிமீட்டர் வரை பெரிதாகி, ஒருநாள் உடைந்து முட்டையை வெளியே விடும். உடைந்த அதே இடத்தில், மிச்சமிருக்கும் சுவரிலிருந்து எழும் மஞ்சள் நிறத் திரட்சிதான் கார்பஸ் லூட்டியம். சினையைத் தாங்கும் ப்ரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பது இதுவே.

நாள் கணக்கு இது. மாடு காளைக்குக் கத்தும் நாளைத் தொடக்கமாக வைத்துக்கொண்டால், பருவ அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். அவை அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டை வெளியேறும். பிறகு கார்பஸ் லூட்டியம் வளர்ந்து, சினை பிடிக்காவிட்டால் 17ஆம் நாளையொட்டிச் சுருங்கத் தொடங்கும். அடுத்த பருவம் வரும்.

சினைப்பைக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது?

பெருந்தமனியிலிருந்து பிரியும் சினைப்பைத் தமனி முக்கிய வழி. கருப்பைத் தமனியின் கிளையும் அதனோடு இணைகிறது. சினைப்பைக்குள் நுழையும் குழாய்கள் முதலில் நடுப்பகுதியில் அடர்ந்து பரவி, அங்கிருந்து நுண்ணறைகள் நிறைந்த வெளிப்பகுதிக்குக் கிளை விடுகின்றன.

இந்தத் தமனி நேராகச் செல்வதில்லை. கருப்பையிலிருந்தும் சினைப்பையிலிருந்தும் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரையின் சுவரோடு ஒட்டி, சுருள் சுருளாக வளைந்து செல்கிறது. இந்தச் சுருளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கேள்விக்கான விடை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மிகச் சிறிய நுண்ணறைகளுக்கும் தனியாக ரத்தக்குழாய் உண்டா?

கிடையாது. பிறக்கும்போதே சினைப்பையில் இருக்கும் ஆரம்பநிலை நுண்ணறைகள், சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறி வருவதை வைத்தே காலம் தள்ளுகின்றன. நுண்ணறை வளர்ந்து, அதைச் சுற்றித் தீக்கா என்ற உறை உருவாகும்போதுதான் அதற்கென்று ஒரு தந்துகி வலை, அதாவது மயிரிழை போன்ற நுண்குழாய்களின் வலை, அமைகிறது.

அப்போதும் ரத்தக்குழாய்கள் ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. முட்டையைச் சுற்றியும் உட்சுவரிலும் உள்ள கிரானுலோசா செல்களுக்கும் தீக்காவுக்கும் இடையே ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வு இருக்கிறது. முட்டை வெளியேறும் காலம்வரை ஒரு தந்துகிகூட அதற்குள் நுழையாது. ஊட்டமும் ஹார்மோனும் சவ்வின் வழியே கசிந்துதான் உள்ளே போகவேண்டும். பரீட்சையில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

ஒரே சமயத்தில் பல நுண்ணறைகள் வளர்கின்றனவே, ஏன் ஒன்று மட்டும் முந்துகிறது?

பசுவில் ஒரு சுழற்சிக்குள் இரண்டு அல்லது மூன்று அலைகளாக நுண்ணறைகள் எழும். ஒவ்வோர் அலையிலும் ஒன்று மட்டும் தலைமை பெறும், மற்றவை சுருங்கும். ஹோல்ஸ்டீன் இனத்தில் அந்தப் பிரிவு, பெரிய நுண்ணறை சுமார் 8.5 மில்லிமீட்டரைத் தொடும்போது நடக்கிறது. நுண்ணறைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் குறைந்துவரும் வேளையில், முட்டையை வெளியேறச் செய்யும் எல்.எச். ஹார்மோனைப் பற்றிக்கொள்ளக் கற்ற நுண்ணறை தப்பிக்கிறது.

ரத்த ஓட்டம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. முந்தும் நுண்ணறையின் தீக்காவில் தந்துகிகள் அடர்ந்திருக்கும்; அதனால் ரத்தத்தில் குறைவாகவே இருக்கும் ஹார்மோனிலும் அதற்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். பின்தங்கியவற்றில் தந்துகிச் செல்கள் மடிந்து வலை மெலியும். ரத்தம் குறைந்ததால் நுண்ணறை தோற்றதா, தோற்றதால் ரத்தம் குறைந்ததா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகின்றன. நன்றாக வளரும் நுண்ணறை, குழாய்களை வரவழைக்கும் காரணிகளை அதிகம் சுரக்கிறது; வரும் குழாய்கள் அதை இன்னும் வளர்க்கின்றன.

முட்டை வெளியேறும்போது நுண்ணறை வெடிக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ரத்தம் கொட்டாதா?

வெடிப்பு என்ற சொல் ஒரு தவறான படத்தைத் தருகிறது. உள்ளே அழுத்தம் ஏறி நுண்ணறை தெறிப்பதில்லை. எல்.எச். ஒரேயடியாக உயர்ந்தபின், நொதிகள் சுவரைச் சிறிது சிறிதாக மெலியவைக்கின்றன. சுவர் தாங்காமல் திறந்துகொள்கிறது.

அந்த மணி நேரங்களில் ரத்த ஓட்டம் மாறும் விதம்தான் எனக்குப் பெரிதும் பிடித்த பகுதி. எல்.எச். உயர்ந்ததும் நுண்ணறைச் சுவரில் மொத்த ரத்த ஓட்டம் கூடுகிறது. முட்டை வெளியேறும் நேரம் நெருங்க நெருங்க, அடிப்பகுதியில் ஓட்டம் மிகுந்தும், திறக்கப்போகும் உச்சியில் ஓட்டம் அடங்கியும் போகிறது. ஜப்பானின் ஒபிஹிரோ பல்கலைக்கழகக் குழு, ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வழியாக உயிருள்ள பசுக்களிலேயே இதைப் பார்த்துப் பதிவு செய்தது. ரத்தம் விலகிய உச்சி வெளிறி மெலிந்து திறப்பதால், கசிவு சிறிய அளவில்தான் இருக்கும். கசிந்த ரத்தம் குழிக்குள்ளேயே உறைந்துவிடும். அதனால்தான் முதல் ஓரிரு நாட்களில் அந்த இடம் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது.

சினை ஊசி போட்ட மறுநாள் மாட்டின் பின்பக்கம் ரத்தம் தெரிகிறது. சினைப்பை உடைந்த ரத்தமா? சினை நிற்காதா?

சினைப்பையிலிருந்து வரும் ரத்தம் இல்லை. மேலே சொன்னதுபோல் அந்த ரத்தம் வெளியே வருவதற்கு வாய்ப்பே இல்லை. இது கருப்பையின் உட்சுவரிலிருந்து வருவது. பருவத்தின்போது ஈஸ்ட்ரோஜன் மிகுந்து அங்குள்ள நுண்குழாய்கள் ததும்பி நிற்கும். ஈஸ்ட்ரோஜன் சட்டென்று இறங்கும்போது அவற்றிலிருந்து சிறிது ரத்தம் கசிந்து, வழும்போடு கலந்து வெளிவரும். பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாட்களில் இது தெரியும். கன்று ஈன்ற மாடுகளைவிடக் கிடேரிகளில் அதிகம்.

சினை நின்றதா இல்லையா என்று இந்த ரத்தத்தை வைத்துச் சொல்லவே முடியாது. மாடு பருவத்தைக் கடந்துவிட்டது என்ற ஒன்றைத்தான் அது சொல்கிறது. ஆகவே ரத்தம் கண்டபிறகு அவசரமாக ஊசி போட ஓடவேண்டாம், காலம் கடந்துவிட்டது. பருவத்தைக் கவனிக்கத் தவறியிருந்தால், அந்தத் தேதியைக் குறித்துவைத்து ஏறக்குறைய 18ஆம் நாளிலிருந்து அடுத்த பருவத்துக்குக் காத்திருங்கள். ரத்தம் பல நாட்கள் நீடித்தாலோ நாற்றம் அடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

இரண்டே வாரத்தில் கார்பஸ் லூட்டியத்துக்கு அவ்வளவு குழாய்கள் எப்படி வருகின்றன?

நுண்ணறை திறந்ததும், நான்காவது பதிலில் சொன்ன அடித்தளச் சவ்வு சிதைகிறது. அதுவரை வெளியே நின்ற தீக்காவின் தந்துகிகள், ரத்தமே கண்டிராத கிரானுலோசாப் பகுதிக்குள் முளைவிட்டுப் பாய்கின்றன. உள்ளே ஆக்சிஜன் குறைவு; அந்தக் குறைவே செல்களை வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கவைக்கிறது. அது இழுக்கும் திசையில் குழாய்கள் நீள்கின்றன. எஃப்.ஜி.எஃப்.-2 என்ற இன்னொரு காரணி குறிப்பாக முதல் சில நாட்களில் வேகம் கொடுக்கிறது. ஆஞ்சியோபொய்ட்டின் வகைகள், இருக்கும் குழாயைத் தளர்த்துவதா உறுதிப்படுத்துவதா என்பதை நிர்ணயிக்கின்றன. புதிய குழாயைச் சுற்றிப் பெரிசைட் செல்கள் அணைத்துக்கொள்ளும்போது அது நிலைபெறுகிறது.

வி.இ.ஜி.எஃப். என்ற காரணிக்கும் மாட்டுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1989இல் நெப்போலியோன் ஃபெராரா என்ற விஞ்ஞானி அதைப் பிரித்தெடுத்தது மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் செல்களை வளர்த்த திரவத்திலிருந்துதான். இன்று மனிதருக்குப் புற்றுநோயிலும் கண்நோயிலும் தரப்படும் சில மருந்துகள் அந்தக் காரணியைத் தடுப்பவை.

அவ்வளவு ரத்தம் எதற்கு?

ப்ரோஜெஸ்டிரோனின் மூலப்பொருள் கொலஸ்டிரால். அதன் பெரும்பகுதி ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து வரும் லிப்போபுரதங்களிலிருந்து கிடைக்கிறது. ஆக்சிஜன் தேவையும் மிக அதிகம். உற்பத்தியான ஹார்மோன் உடனே ரத்தத்தில் கலந்து கருப்பையை அடையவேண்டும். அதனால் முதிர்ந்த கார்பஸ் லூட்டியத்தில் ஹார்மோன் சுரக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரு தந்துகியையாவது ஒட்டியிருக்கும். எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிக ரத்த ஓட்டம் பெறும் திசுக்களில் இதுவும் ஒன்று.

அவ்வளவு ரத்தம் இருந்தும் மஞ்சளாக ஏன் இருக்கிறது?

பசுந்தீவனத்தில் உள்ள கரோட்டீன்தான் காரணம். எருமை கரோட்டீனை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் கார்பஸ் லூட்டியம் வெளிறியே இருக்கும். எருமைப் பால் வெண்மையாகவும் பசும்பால் லேசான மஞ்சளாகவும் இருப்பதும் இதனால்தான். நிறத்தை வைத்து ரத்த ஓட்டத்தை எடைபோடாதீர்கள்.

ப்ராஸ்டாகிளாண்டின் ஊசி ரத்தக்குழாயைச் சுருக்கித்தான் கார்பஸ் லூட்டியத்தைக் கொல்கிறது என்று படித்தோம். சரிதானே?

பாதிதான் சரி. சுழற்சியின் நடுநாட்களில் ஊசி போட்டு டாப்ளரில் பார்த்தால், முதல் அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம்வரை கார்பஸ் லூட்டியத்தின் ஓரத்தில் ரத்த ஓட்டம் கூடுகிறது. நைட்ரிக் ஆக்சைடு அங்குள்ள குழாய்களை விரிப்பதே காரணம். ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஓட்டம் தெளிவாகக் குறைகிறது. ப்ரோஜெஸ்டிரோனோ அதற்கு முன்பே சரியத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே ரத்தம் நின்றதால் ஹார்மோன் நின்றது என்று வரிசைப்படுத்த முடியாது. ப்ராஸ்டாகிளாண்டின் ஹார்மோன் செல்களை நேரடியாகவும் தாக்குகிறது. அதே நேரத்தில் குழாய்ச் செல்கள் எண்டோதெலின்-1 என்ற, குழாயைச் சுருக்கும் பொருளைச் சுரக்கின்றன. அது ஓட்டத்தையும் ஹார்மோனையும் சேர்த்து அடக்குகிறது. அதன்பிறகு தந்துகிகள் மடிகின்றன. திரட்சியின் அளவு சுருங்குவது கடைசியில்தான்.

அப்படியானால் அதே ஊசியை 3ஆம் நாளில் போட்டால் ஏன் பலிப்பதில்லை?

இளம் கார்பஸ் லூட்டியத்திலும் ப்ராஸ்டாகிளாண்டினைப் பற்றும் ஏற்பிகள் இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன அந்த ஆரம்ப ரத்தப் பெருக்கு அங்கே நடப்பதில்லை, எண்டோதெலின் எழுச்சியும் இல்லை. குழாய்கள் அந்த எதிர்வினைக்கு இன்னும் தயாராகவில்லை. குழாய்களைக் கட்டும் காரணிகள் உச்சத்தில் இருக்கும் காலம் அது. ஏறக்குறைய முதல் ஐந்து நாட்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு.

பல மாடுகளை ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவர விரும்புவோர் 11 முதல் 14 நாட்கள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் போடுவதன் காரணம் இங்கிருந்துதான் வருகிறது. முதல் ஊசிக்கு இணங்காத மாடும் இரண்டாவது ஊசியின்போது முதிர்ந்த கார்பஸ் லூட்டியத்தோடு இருக்கும். ஊசி போடும் முன் சினை இல்லை என்பதை உறுதிசெய்யாமல் போட்டால் கரு கலைந்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ஊசி போடாமலே கருப்பை இந்த வேலையைச் செய்கிறதாமே. கருப்பையில் உண்டாகும் பொருள் பக்கத்துச் சினைப்பைக்கு மட்டும் எப்படிச் சரியாகப் போகிறது?

மூன்றாவது பதிலில் குறிப்பிட்ட சுருள்தான் விடை. கருப்பையிலிருந்து வரும் சிரையில் ப்ராஸ்டாகிளாண்டின் அடர்ந்திருக்கும். அந்தச் சிரையோடு ஒட்டி வளைந்து செல்லும் சினைப்பைத் தமனிக்குள் அது சுவர் வழியே கசிந்து நுழைகிறது. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ஓட்டங்களுக்கிடையே நடக்கும் பரிமாற்றம் இது. உடல் முழுதும் சுற்றி வந்தால் நுரையீரலைக் கடக்கும்போதே அதன் பெரும்பகுதி அழிந்துவிடும். இந்தக் குறுக்குவழி அதைத் தவிர்க்கிறது. கார்பஸ் லூட்டியம் இருக்கும் பக்கத்துக் கருப்பைக் கொம்பை அகற்றினால் அதன் ஆயுள் நீள்கிறது, எதிர்ப்பக்கத்துக் கொம்பை அகற்றினால் நீள்வதில்லை. ஆய்வாளர்கள் இந்த வழியைச் சந்தேகிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

சினை பிடித்திருந்தால், 15 முதல் 17ஆம் நாட்களில் கரு இன்டர்ஃபெரான்-டவ் என்ற புரதத்தைச் சுரந்து கருப்பையின் ப்ராஸ்டாகிளாண்டின் துடிப்புகளை அடக்குகிறது. கார்பஸ் லூட்டியத்தின் குழாய்கள் கலையாமல் நிற்கின்றன.

ரத்த ஓட்டத்தைப் பார்த்துச் சினையைச் சொல்ல முடியுமா?

முடியும். இந்தத் தொகுப்பின் தொடக்கத்தில் சொன்ன ஆதங்கமும் இதைப் பற்றியதுதான். சினை ஊசி போட்ட 20 முதல் 22ஆம் நாளில், சினை இல்லாத மாட்டின் கார்பஸ் லூட்டியம் அளவில் கொஞ்சம் பெரிதாகவே இருந்தாலும் உள்ளே ரத்தம் வற்றியிருக்கும். சாதாரண ஸ்கேனில் ஏமாந்துபோவோம். டாப்ளரில் வண்ணம் தெரியாது. ரத்த ஓட்டம் இல்லையென்றால் சினை இல்லை என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்லலாம்; மறுபடி பருவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். ஒரு பருவம் வீணாகாமல் தப்பும், பால் மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது சிறிய விஷயம் இல்லை.

ரத்த ஓட்டம் இருந்தால் சினை என்று மட்டும் அடித்துச் சொல்லாதீர்கள். சில மாடுகளில் கார்பஸ் லூட்டியம் தாமதமாகக் கலையும். சிலவற்றில் கரு பிறகு இறந்துபோகும். அவற்றை ஒரு மாதம் கழித்துக் கருவையே ஸ்கேனில் பார்த்து உறுதிசெய்யவேண்டும். பிரேசில் நாட்டுப் பெரிய பண்ணைகளில் இந்த முறை நன்றாகப் பயன்படுகிறது. அங்கே நிறைந்திருக்கும் நெலோர் இனத்தின் முன்னோர், ஆந்திரத்தின் ஓங்கோல் மாடுகள்.

கைவிட்டுப் பார்க்கும்போதே கார்பஸ் லூட்டியத்தைப் பிதுக்கி எடுத்துவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். செய்யலாமா?

செய்யவே கூடாது. ப்ராஸ்டாகிளாண்டின் ஊசி வருவதற்கு முந்தைய காலத்து முறை அது. எவ்வளவு ரத்தம் ஓடும் இடம் என்று மேலே பார்த்தோம். அதைப் பிய்த்தால் வயிற்றுக்குள் ரத்தம் பெருகும். மாடு இறந்த நிகழ்வுகள் உண்டு. பிழைத்தாலும் சினைப்பை சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொண்டு நிரந்தர மலட்டுத்தன்மை வரலாம்.

இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த சினைப்பையைப் பார்த்து எத்தனையாவது நாள் என்று கணிக்க முடியுமா?

தோராயமாக முடியும், அதுவும் மேற்பரப்பில் தெரியும் குழாய்களை வைத்தே. 1 முதல் 4 நாட்களில் உச்சி சிவந்திருக்கும், அதன்மேல் குழாய்கள் தெரியாது. 5 முதல் 10 நாட்களில் ஓரத்தைச் சுற்றிக் குழாய்கள் தெரியும். 11 முதல் 17 நாட்களில் அவை உச்சியையும் மூடிவிடும், நிறம் ஆரஞ்சுக்கு மாறும். 18ஆம் நாளுக்குப் பிறகு உச்சியில் குழாய்கள் மறைந்து, திரட்சி வெளிறியும் கெட்டியாகவும் இருக்கும்.

நுண்ணோக்கியில் தந்துகிகளை எண்ணினேன். சுருங்கும் கார்பஸ் லூட்டியத்தில் எண்ணிக்கை அதிகமாக வருகிறது. எப்படி?

நீங்கள் எண்ணியது ஒரு சதுர மில்லிமீட்டரில் உள்ளதை. ஹார்மோன் செல்கள் சுருங்கும்போது மிச்சமிருக்கும் குழாய்கள் நெருங்கி வந்துவிடுகின்றன. மொத்தம் குறைந்தும் அடர்த்தி கூடியதுபோல் தெரியும். திரட்சியின் எடையை அல்லது கனஅளவைச் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை தெரியும். தடித்த சுவருள்ள சிறுதமனிகள் தந்துகிகளுக்குப் பின்னும் நெடுநாள் தங்கும், எஞ்சும் வெள்ளைத் தழும்பிலும் அவற்றைக் காணலாம்; ஆகவே அவற்றைத் தனியாக எண்ணுங்கள்.

இளம் கார்பஸ் லூட்டியமாக இருந்தால் எங்கிருந்து துண்டு எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். முதல் நாட்களில் குழாய்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்வதால், இரண்டு இடங்களிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது.